காட்டைத் தாங்கும் காளான்கள்

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களிடம் ஒரு விநோதமான சொல்வளம் உண்டு. வேப்ப மரத்துக்கும் புங்க மரத்துக்கும் பிரெஞ்சில் என்ன பெயர் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. கண்ணால் பார்த்தே இராத சப்பேன், எப்பிசேயா, மெலேஸ் என்ற பனிநாட்டு ஊசியிலை மரங்களை மட்டும் வரிசையாக ஒப்பிப்போம். பைன் மரத்துக்குப் பிரெஞ்சு உச்சரிப்பு ‘பேன்’. ரொட்டிக்கும் அதே உச்சரிப்புதான். “மலை உச்சி முழுக்கப் பேன்” என்று வாத்தியார் வாசிக்கும்போது பின் பெஞ்சில் சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அந்தப் புத்தகத்தில் மரங்களுக்கு அடியில் சிவப்புத் தொப்பியில் வெள்ளைப் புள்ளி வைத்த காளான் ஒன்று படமாக இருக்கும். அது ஏன் அங்கே நிற்கிறது என்று பாடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. பதில் சொல்லித் தந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் என் அக்காவின் கணவர், மாமா. இன்னொருவன் அவருடைய பேரன்.

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம்மூர்ப் பேச்சில் ‘சொல்தா’. ஓய்வு பெற்ற மற்ற சொல்தாக்களைப் போல ஊருக்குத் திரும்பி மாடி வீடு கட்டாமல், கடைசியாக வேலை பார்த்த ஆல்ப்ஸ் மலையிலேயே தங்கிவிட்டார். பிரியான்சோன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குடியிருப்பு. பிரியான்சோனே கடல் மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் இருக்கிறது. பழைய கோட்டைச் சுவர்களும் குறுகலான தெருக்களும் கொண்ட ஊர். அக்கா வீட்டுச் சன்னலைத் திறந்தால் எதிரே செங்குத்தான சரிவு. அதில் அடுக்கடுக்காக ஏறிப்போகும் காடு.

நான் மூன்று முறை அங்கே போய்த் தங்கியிருக்கிறேன். ஆகஸ்ட் கடைசியில் மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் மாமா கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நானும் கூடவே போவேன். கீழே குனிந்து காளான் தேடிக்கொண்டிருந்த என்னிடம் முதல் நாளே சொன்னார்: “மச்சான், காளானைத் தேடாதே. மேலே நிமிர்ந்து மரத்தைப் பாரு. மரம் எதுன்னு தெரிஞ்சா காளான் எதுன்னு தெரியும்.”

அப்படியே இருந்தது. மெலேஸ், அதாவது லார்ச் மரம், ஊசியிலை மரமாக இருந்தும் குளிர்காலத்துக்கு முன் பொன்னிறமாகி இலை உதிர்த்துவிடும். அதன் அடியில் மஞ்சள் நிறத்தில் வழவழவென்று ஒரு காளான் வரும். லார்ச் இல்லாத இடத்தில் அதைப் பார்க்க முடியாது. இன்னும் மேலே ஏறினால் செம்ப்ரோ பைன். இது 2,000 மீட்டருக்கு மேலும் தாக்குப்பிடிக்கிற, மெதுவாக வளர்ந்து பல நூறு ஆண்டுகள் வாழ்கிற மரம். அதன் அடியில் வேறொரு காளான். அடிப்பக்கத்தில் பால் போன்ற துளிகள் கசிந்துகொண்டிருக்கும். அறிவியல் பெயர் சுயில்லுஸ் ப்ளோரான்ஸ். லத்தீனில் ‘ப்ளோரான்ஸ்’ என்றால் அழுகின்ற என்று பொருள். பிரெஞ்சில் அழுவதற்கு ‘ப்ளெரே’ என்கிறோமே, அந்தச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். அழுகிற காளானுக்கு இந்த ஒரு குடும்பத்துப் பைன் மரம்தான் துணை. லார்ச்சின் மஞ்சள் காளான் இதனிடம் வராது, இதுவும் அதனிடம் போகாது.

மாமா எத்தனை வருஷ அனுபவம் இருந்தும், கூடையை ஊரிலுள்ள மருந்துக்கடையில் காட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார். பிரான்சில் மருந்தாளுநர் படிப்பில் காளான்களை அடையாளம் காண்பதும் ஒரு பாடம். பச்சைத் தொப்பி கொண்ட ஒரு நச்சுக் காளான் உண்டு. சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வயிற்றைப் பிடிக்கும். ஈரலையே அழித்துவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் வீம்பு கிடையாது. மருந்துக்கடைக்காரர் சரி என்ற பிறகு அக்கா தோலை உரித்து, சீரகம் மிளகு போட்டு வதக்குவாள்.

காளான் என்று நாம் பறிப்பது மாம்பழம் மாதிரி. மரம் தரைக்குக் கீழே இருக்கிறது. தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட வராத மெல்லிய இழைகள். இதைத்தான் பூஞ்சை என்கிறோம். நல்ல காட்டு மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதற்குள் இருக்கும் இழைகளை நீட்டிவைக்க நூறு மீட்டர்கூடத் தேவைப்படலாம். வருஷத்தில் சில நாள் மட்டும் இந்த இழைகள் கூடித் தரைக்கு மேல் தொப்பியை நீட்டும். சில பூஞ்சைகள் அதையும் செய்வதில்லை. வாழ்நாள் முழுவதும் தரைக்குக் கீழேயே இருந்துவிடும்.

இந்த இழைகள் மரத்தின் வேர் நுனியை உறை மாதிரி போர்த்திக்கொள்கின்றன. பாஸ்பரஸ், நைட்ரஜன், தண்ணீர் இவற்றை வேர் போக முடியாத இடுக்குகளிலிருந்து இழை இழுத்து வந்து மரத்துக்குக் கொடுக்கிறது. மரம் இலையில் தயாரித்த சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு, சில நேரம் ஐந்தில் ஒரு பங்குகூட, கீழே அனுப்பி இழைக்குக் கூலி கொடுக்கிறது. 1885-ல் ஜெர்மனியில் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியல் பேராசிரியர் இதற்கு ‘மைக்கோரைசா’ என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. இதற்குப் பின்னால் ஓர் அரசாங்கக் கோப்பு இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். விலை உயர்ந்த ட்ரஃபிள் காளானைப் பயிரிட முடியுமா என்று பார்க்கச் சொல்லி பிரஷ்ய அரசு அவரிடம் வேலையை ஒப்படைத்திருந்தது. கேட்ட ட்ரஃபிள் விளையவில்லை. கேட்காத ஒரு பெரிய உண்மை வெளியே வந்தது.

மாமாவின் பேரன் கிரெனோபிளில் மண்ணைப் பற்றிப் படித்தான். நான் இரண்டாவது முறை போயிருந்தபோது அவன் படிப்பு வேலையாக மலையில் மண் எடுக்க வந்திருந்தான். நான்கு உயரங்கள், ஒவ்வொரு உயரத்திலும் ஒன்பது இடங்கள், ஒவ்வோர் இடத்திலும் மூன்று ஆழங்கள். மொத்தம் 108 பைகள். இரும்புக் குழாயை மண்ணில் தட்டி இறக்குவான், வெளியே இழுப்பான், உள்ளிருக்கும் மண் உருளையைக் கத்தியால் மூன்றாக வெட்டுவான். பையில் போட்டு உயரம், ஆழம், இடம், தேதி எழுதவேண்டும். ஒரு பையின் சீட்டு மாறினாலும் கணக்கு முழுவதும் பாழ். அந்தச் சீட்டு எழுதும் வேலையை அவன் எனக்குக் கொடுத்தான். “தாத்தா, உங்க கையெழுத்துதான் மூணு மாசம் கழிச்சும் எனக்குப் படிக்க முடியும்” என்றான். மூன்று நாள் ஒரு பாறை மேல் உட்கார்ந்து பேரேடு போட்டு 108 சீட்டு எழுதினேன். ஒவ்வொரு மாலையும் பைகளை எண்ணிப் பேரேட்டோடு ஒத்துப் பார்த்தபின்தான் கீழே இறங்கினோம். முப்பத்தைந்து வருஷ வேலையில் என் கையெழுத்து இவ்வளவு உயரத்துக்குப் போனதில்லை.

சீட்டு எழுதிக்கொண்டே அவனைக் கேள்வி கேட்டு நான் தெரிந்துகொண்டதையும், பிறகு அவன் அனுப்பிய கட்டுரைகளில் படித்ததையும் சொல்கிறேன். முதலில் உயரம்.

மலையில் 100 மீட்டர் ஏறினால் சராசரியாக 0.6 டிகிரி வெப்பம் குறைகிறது. 1,000 மீட்டர் ஏறுவது 6 டிகிரி குளிருக்குள் போவது. அரை நாள் நடையில் பல நூறு கிலோமீட்டர் வடக்கே பயணம் செய்ததற்குச் சமம். அடிவாரத்துக் காய்ந்த சரிவில் ஸ்காட்ஸ் பைன், அதற்கு மேல் லார்ச், அதற்கும் மேல் செம்ப்ரோ பைன். ஏறத்தாழ 2,300 அல்லது 2,400 மீட்டரில் மரங்கள் நின்றுவிடும். மேலே போகப்போக மரவகைகள் குறைகின்றன. பூஞ்சைகளும் அதே போல் குறைந்துகொண்டே போகும் என்று எதிர்பார்ப்போம். அப்படி ஒரே கோடாகக் குறைவதில்லை. சருகைத் தின்னும் கூட்டம் ஒரு விதமாகவும், வேரோடு கூட்டுச் சேர்ந்த கூட்டம் வேறு விதமாகவும் நடந்துகொள்கின்றன. எண்ணிக்கையைவிட ஆள் மாறுவதுதான் பெரிது. 1,500 மீட்டரில் இருந்த கூட்டம் 2,100 மீட்டரில் பெரும்பாலும் இல்லை. அங்கே வேறு குடிமக்கள்.

உலகம் முழுவதும் 365 இடங்களில் மண் எடுத்து ஆராய்ந்த பெரிய ஆய்வு ஒன்று 2014-ல் வந்தது. பொதுவாகப் பூஞ்சை வகைகள் வெப்ப மண்டலத்தை நோக்கிப் போகப்போகக் கூடுகின்றன. ஆனால் வேருக்கு உறை போடும் இந்தக் கூட்டாளிப் பூஞ்சைகள் மட்டும் மிதவெப்பக் காடுகளிலும் வடக்கத்திய குளிர்க் காடுகளிலும்தான் அதிகம். மரவகை நாலைந்தே உள்ள குளிர்க் காட்டின் அடியில் கூட்டாளிகள் நூற்றுக்கணக்கில். குளிரும் பஞ்சமும் உள்ள இடத்தில்தான் கூட்டாளியின் தேவை அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

மரங்கள் நின்றுபோன கோட்டுக்கு மேலே இன்னும் வேடிக்கை. அங்கே ஒரு வில்லோ இருக்கிறது. அது மரம்தான், ஆனால் உயரம் சில சென்டிமீட்டர். பனியும் காற்றும் தாக்காமல் தண்டு முழுவதையும் மண்ணுக்குள் வைத்துக்கொண்டு, இலையை மட்டும் தரையோடு விரிக்கிறது. அதன் வேரிலும் இதே போன்ற கூட்டாளிப் பூஞ்சைகள் உண்டு. அவை காளான் விடும்போது மரத்தைவிடக் காளான் உயரமாக நிற்கும். மண்டியிட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தேன். காட்டுக்கு மேலே காளான் குடை பிடிப்பதுபோல் இருந்தது.

காடு முடிகிற இடத்தில் கூட்டணி முடிவதில்லை என்பதை முதலில் பொறுமையாகப் பதிவு செய்தவர்களில் ஜெனீவாவைச் சேர்ந்த ஜூல் ஃபாவ்ர் முக்கியமானவர். சுவிட்சர்லாந்து தேசியப் பூங்காவில் பல கோடைகாலங்கள் அலைந்து, மரக்கோட்டுக்கு மேலே வளரும் காளான்களைப் பற்றி 1955-ல் ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதைப் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். அதே பூங்காப் பகுதியில், ஓஃபென் கணவாய்க்கு அருகே, பிற்காலத்தில் இன்னொன்று தெரியவந்தது. மலைப் பைன் மரங்களின் வேரை அரித்துக் கொல்லும் தேன்காளான் ஒன்று, ஒரே உயிராக, சுமார் 35 ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்குள் பரவியிருக்கிறது. வயது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. நம் தஞ்சைப் பெரிய கோயிலின் வயது. மேலே நடப்பவர்களுக்கு இலையுதிர்காலத்தில் நாலு காளான் தெரியும். அவ்வளவுதான்.

இனி ஆழம். இதில்தான் நான் அதிகம் வியந்தேன். ஏனென்றால் மலை ஏறக் கால்வலி எடுக்கும், ஆழத்துக்கு ஒரு சாண் குழாய் போதும். அவன் குழாயை இழுத்து எடுத்தபோது மண் உருளை ஒரே நிறமாக இல்லை. மேலே காய்ந்த ஊசியிலைகள் அப்படியே. அதற்குக் கீழே பாதி மக்கிய சருகு. பிறகு கறுப்பான மக்கு மண். அதற்கும் கீழே சாம்பல் நிறத்தில் வெளுத்த ஒரு பட்டை. மேலிருந்து இறங்கும் அமிலம் கலந்த நீர் இரும்பையெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்ட பகுதி அது. அந்த இரும்பு அடுத்த பட்டையில் துருச் சிவப்பாகப் படிந்திருக்கிறது. எல்லாம் என் முன்கை நீளத்துக்குள்.

ஒவ்வொரு பட்டையிலும் வேறு குடிகள். மேல் சருகில் இருப்பவை பெரும்பாலும் சருகைத் தின்று வாழ்பவை. பாதி மக்கிய பகுதிக்குக் கீழே மரத்தின் கூட்டாளிகளின் ஆதிக்கம். ஸ்வீடனின் பைன் காட்டில் நடந்த ஆய்வொன்று 2007-ல் இதைத் தெளிவாகக் காட்டியது. அதற்கு நாலு வருஷம் முன் வெளியான இன்னோர் ஆய்வில், மக்கு மண்ணோடு நிறுத்தாமல் வெளுத்த பட்டையையும் துருப் பட்டையையும் தோண்டிப் பார்த்தார்கள். பூஞ்சை உறை போட்ட வேர் நுனிகளில் மூன்றில் இரண்டு பங்கு அந்தக் கனிம மண்ணில்தான் இருந்தது. அங்கே கண்ட வகைகளில் பாதி மேல் மண்ணில் தலைகாட்டவே இல்லை. மலைமேல் ஊசியிலைக் காட்டு மண்ணும் அடுக்கு அடுக்காக இந்த மாதிரிதான் அமைந்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பிள்ளை ஒவ்வோர் இடத்திலும் மூன்று ஆழம் கேட்டான். மேலே ஒரு கைப்பிடி மண் எடுத்து எண்ணிவிட்டு “இந்தக் காட்டில் இத்தனை வகை” என்று எழுதுவது, முதல் மாடியைப் பார்த்துவிட்டு முழுக் கட்டிடத்துக்கும் குடிமதிப்பு எழுதுவது போல.

கீழே இருப்பவை என்ன வேலை செய்கின்றன? மேலே இருப்பவை உதிர்ந்த இலையிலிருந்து சத்தைத் திரும்ப எடுக்கின்றன. கீழே இருப்பவை கல்லிலிருந்து எடுக்கின்றன. இழை அமிலம் சுரந்து கனிமத் துகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்துவரும் சத்து மரத்துக்குப் போகிறது. ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

குளிர்காலத்தில் இவையெல்லாம் செத்துப்போய்விடுமோ என்று கேட்டேன். இல்லையாம். ஒரு மீட்டர் பனி மூடியிருந்தால் வெளியே கழித்தல் 15 டிகிரி இருந்தாலும் தரை பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். பனி அங்கே கம்பளி. அதற்கடியில் பூஞ்சைகள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன.

இதெல்லாம் பண்டிதர்களுக்கான சங்கதி என்று தோன்றலாம். அக்கா வீட்டுச் சன்னலில் நின்றால் அப்படித் தோன்றாது. எதிர்ச் சரிவில் இருப்பது வெறும் அழகான காடு இல்லை. பனிச்சரிவும் பாறையும் வீட்டின் மேல் வந்து விழாமல் தடுத்து நிற்கும் சுவர். ஆல்ப்ஸ் மக்களுக்கு இது பழைய பாடம். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மாட் ஊரில் ஊருக்கு மேலுள்ள காட்டில் யாரும் மரம் வெட்டக் கூடாது என்று 1397-லேயே எழுதி வைத்தார்கள். எல்லா ஊரும் அப்படிச் செய்யவில்லை. மேய்ச்சலுக்காகவும் விறகுக்காகவும் மரங்களை வெட்டி வெட்டி, காட்டின் மேல் எல்லை பல இடங்களில் சில நூறு மீட்டர் கீழே இறங்கிவிட்டது.

பிரியான்சோன் இருக்கும் மாவட்டத்திலேயே சரிவுகள் மொட்டையாகி, மழைக்கு மலை ஓடைகள் சேறும் கல்லுமாக இறங்கி வயல்களை மூடின. அலெக்சாந்த்ர் சுரெல் என்ற பொறியாளர் 1841-ல் அந்த ஓடைகளைப் பற்றி எழுதிய நூலில், காடு போனதால் வந்த வினை என்று காட்டினார். 1860-லும் 1882-லும் பிரெஞ்சு அரசு சட்டம் போட்டு மலையில் மரம் நடச் சொன்னது. சட்டம் போட்டால் மரம் வளர்ந்துவிடும் என்று நினைப்பது எல்லா அரசாங்கத்துக்கும் உள்ள பழக்கம். பல சரிவுகளில் காடு திரும்ப வந்தது. ஆனால் உச்சிக் கோட்டை ஒட்டிய இடங்களில், எங்கே காடு மிகவும் தேவையோ அங்கே, நட்ட கன்றுகள் பிடிப்பது எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

1951-ன் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலை முழுவதும் பனிச்சரிவுகளில் 200-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். மூன்று வருஷம் கழித்து, 1954 ஜனவரி 11 அன்று, ஆஸ்திரியாவின் ப்ளோன்ஸ் என்ற சிற்றூரில் காலையில் ஒரு பனிச்சரிவு இறங்கியது. புதைந்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது மாலையில் இரண்டாவது இறங்கியது. அந்த ஒரே சிற்றூரில் 57 பேர் போனார்கள்.

ஆஸ்திரியாவில் உச்சிக் கோட்டில் மீண்டும் காடு வளர்க்கும் வேலை தீவிரமானது அந்த வருஷங்களில்தான். கீழே பள்ளத்தாக்கில் நாற்றங்கால் வைத்து செம்ப்ரோ பைன் கன்றுகளை வளர்த்து மேலே கொண்டுபோய் நட்டால் பிடிப்பு மோசம். டைரோல் பகுதியில் மைன்ஹார்ட் மோசர் என்ற பூஞ்சையியல் அறிஞர் காரணத்தை வேரில் தேடினார். பல தலைமுறைகளாக மரமே இல்லாத மேய்ச்சல் நிலத்தில் செம்ப்ரோ பைனின் கூட்டாளிகள் இல்லை. நாற்றங்காலில் ஒட்டிக்கொண்டு வருபவையோ பள்ளத்தாக்கின் பூஞ்சைகள். ஒரே இனத்துப் பூஞ்சையிலும், உயரத்தில் எடுத்தது குளிரில் வளர்கிறது, தாழ்வில் எடுத்தது சுணங்குகிறது என்று அவர் சோதித்துக் காட்டினார். பிறகு உயரத்திலிருந்து எடுத்த பூஞ்சைகளைத் தனியே வளர்த்து நாற்றங்கால் மண்ணில் கலந்தார். மாமா கூடையில் அள்ளிவரும் அந்த அழுகிற காளானும் அவற்றில் ஒன்று. உரிய கூட்டாளியோடு மேலே போன கன்றுக்குப் பிழைக்கும் வழி கூடியது.

அதற்காகப் பூஞ்சை எல்லாம் மரத்துக்கு நண்பன் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் அருகே ஸ்டில்பெர்க் என்ற சரிவில், 2,000 மீட்டருக்கு மேலே, 1975-ல் சுமார் 92,000 கன்றுகள் நட்டார்கள். லார்ச், செம்ப்ரோ பைன், மலைப் பைன் மூன்றும். லார்ச் ஓரளவு தாக்குப்பிடித்தது. பைன்களில் பெரும்பாலானவை போய்விட்டன. கொன்றவற்றில் முக்கியமானவை பனிப் பூஞ்சைகள். பனி சீக்கிரம் கரையாமல் தேங்கும் குழிவான இடங்களில், கன்று பனிக்குள் புதைந்து கிடக்கும் மாதங்களில், ஊசியிலைகளைத் தின்றுவிடுகின்றன. இலை உதிர்த்துவிட்டு நிற்கும் லார்ச்சில் அவற்றுக்குத் தின்ன ஒன்றும் இல்லை. பனி முன்னதாகக் கரையும் மேட்டில் நட்ட பைன் கொஞ்சம் தப்பியது. சில அடி தூரத்தில் சாவும் பிழைப்பும் மாறின.

இதை மனிதனுக்கு முன்பே தெரிந்துவைத்திருக்கும் ஒரு பறவை உண்டு. பழுப்பு உடலில் வெள்ளைப் புள்ளிகள், காக்கையின் இனம், கொட்டையை உடைத்துத் தின்னும். செம்ப்ரோ பைனின் விதைக்குச் சிறகு கிடையாது. இந்தப் பறவைதான் ஆயிரக்கணக்கில் எடுத்துப்போய்க் குளிர்காலத்துக்காக மண்ணில் புதைத்து வைக்கிறது. குளிர்காலத்தில் தேடி எடுக்க வேண்டுமே, அதனால் பனி தேங்காத மேடுகளையும் பாறை ஓரங்களையும் பார்த்துப் புதைக்கிறது. எடுக்காமல் விட்டவை முளைக்கின்றன. ஒரே இடத்தில் மூன்று நான்கு பைன்கள் கொத்தாக நிற்பதைப் பார்த்தால், அது ஒரு பறவை மறந்துபோன சேமிப்பு.

இப்போது மலை சூடாகிறது. பனி முந்தியே கரைகிறது, மரக்கோடு மெல்ல மேலேறப் பார்க்கிறது. அதே ஸ்டில்பெர்க்கில், பிழைத்த மரங்களைச் சுற்றித் தரையில் கம்பிகள் பதித்து ஆறு கோடைகாலம் மண்ணை 4 டிகிரி சூடாக்கிப் பார்த்தார்கள். மண்ணிலிருந்து வெளியேறும் கரியமில வாயு கூடியது. கீழே இருந்த பூஞ்சைக் கூட்டத்தின் சேர்க்கையும் மாறியது. மரம் தன் இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. கூட்டாளிகள் மாற ஆரம்பித்துவிட்டார்கள். மேலே பார்ப்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழி இப்போது வந்திருக்கிறது. மண்ணிலிருந்து நேரடியாக மரபணுவை எடுத்து, அதில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் படித்து எந்தப் பூஞ்சை என்று சொல்கிறார்கள். எந்தப் பகுதியைப் படிப்பது என்று 2012-ல் உலக அளவில் ஓர் உடன்பாடு வந்தது. எங்கள் பையின் முடிவுகள் வந்தபோது பேரன் கணினியில் பட்டியலைக் காட்டினான். பல வரிகளில் இனப் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. உலகில் பூஞ்சை வகைகள் 22 லட்சத்திலிருந்து 38 லட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். பெயர் வைக்கப்பட்டவை ஒன்றரை லட்சம் அளவில்தான். வாழ்நாள் முழுவதும் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் என்று பூர்த்தி செய்துகொண்டிருந்த எனக்கு, பெயரே இல்லாமல் இத்தனை பேர் இத்தனை வேலை செய்வது உறுத்தியது. ஆனால் உயரமும் ஆழமும் என் கையெழுத்தில் இருந்தன. பெயர் பிறகு வரட்டும், இருப்பிடமாவது பதிவாகிவிட்டது.

மாமா நாலு வருஷத்துக்கு முன் காலமானார். பிள்ளைகள் லியோனுக்கு வந்துவிடும்படி அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். குளிர்காலத்தில் தனியாக இருக்கிறாளே என்று எனக்கும் பயம்தான். மூன்றாவது முறை போனபோது நானும் எடுத்துச் சொன்னேன். சன்னல் பக்கம் கையைக் காட்டி, “மேல காடு இருக்குதுடா, அது பாத்துக்கும்” என்றாள். அந்தக் காடு எதன் மேல் நிற்கிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். நாற்பது வருஷம் அதைச் சீரகம் போட்டு வதக்கியவள்.

ஒரு விஷயம் மட்டும் வாசகர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். காளானைப் பறித்தால் காடு கெடுமா என்று கேட்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் 1975-லிருந்து ஏறத்தாழ முப்பது வருஷம் இதற்கென்றே ஒரு காட்டை ஒதுக்கிச் சோதித்தார்கள். பறித்த இடத்திலும் பறிக்காத இடத்திலும் காளான் விளைச்சல் ஒன்றுபோலவே இருந்தது. குறைந்தது மிதிபட்ட இடத்தில். மாமாவுக்கு இந்த ஆராய்ச்சி தெரியாது. ஆனாலும் வழக்கமான ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்கும்போது, ஒவ்வோர் அடியும் எங்கே வைக்கிறோம் என்று பார்த்துத்தான் வைப்பார். என்னையும் அப்படியே வைக்கச் சொல்வார். வயதான காலத்தில் விழுந்துவிடக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம். மண்ணுக்கும் அது நல்லதாகவே இருந்தது.